கனடாக்காரருக்கு நான் அடித்த பெட்டி

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, நாலாம் வகுப்போடு தேயிலை மலைக்கு அனுப்பப்பட்டவன் நான். அப்படிப்பட்டவன் பதுளை டவுனில் சொந்தக் கடை போட்டேன். உடைந்த ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்தே கரண்ட் வேலை படித்தேன். ஊவா மாகாணத்தில் எந்தத் தோட்டத்தில் திருவிழா என்றாலும் என் ஒலிபெருக்கி செட் போகாமல் சாமி தேர் ஏறியதில்லை. மாடி வீடு கட்டினேன், மகளை டாக்டராக்கினேன். இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஆனால் நான் செய்ததிலேயே பெரியது, கடைக்குப் பின்னால் நிற்கிற பலாப்பலகைப் பெட்டிதான். இடுப்பு உயரம் இருக்கும். இப்போது அதன் மேல் என் மனைவி கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ரயில் பாதை பதுளையோடு முடிந்துவிடுவதால் இங்கே இறங்கியவர் அந்தக் கனடாக்காரர். தாடி, அழுக்குச் சட்டை, நாலே நாலு தடித்த கம்பி போட்ட கிட்டார். பேஸ் கிட்டார் என்றார்கள். பக்கத்துப் புடவைக்கடை முஸ்லிம் மொதலாளிக்கு இங்கிலீஷ் தெரியும். அவர் மூலம்தான் கதை தெரிந்தது. மலையே இல்லாத கோதுமை ஊராம். அப்பா ரயில்வே வேலை. இளவட்டத்திலிருந்தே ஒரு ராக் கோஷ்டியில் வாசித்தாராம். ஒரு நாள் கூட்டாளிகள், "நீ இல்லாட்டியும் யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றார்களாம். எழுந்து வந்துவிட்டார். இதற்காகவா ஒரு மனுசன் கடல் தாண்டுவான்? எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

தினமும் கடைக்கு வந்து உட்காருவார். என்னை "அண்ணே" என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துத் திருவிழாவுக்கு அவரையும் கூட்டிப்போய், கிட்டாரை என் குழாய் ஸ்பீக்கரில் மாட்டிவிட்டேன். விரல் ஓடுகிறது, நெற்றியில் வியர்வை வழிகிறது, வெளியே ஒன்றும் வரவில்லை. குழாய் கீச்சுச் சத்தத்தை மலை தாண்டி அனுப்பும். தடித்த சத்தத்தை விடாது. கோயில் தலைவர் என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "ஏன் தம்பி, வெள்ளைக்காரர் வாசிக்கிறாரா, வயித்த சொறியிறாரா?" கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பை மொழிபெயர்க்க மொதலாளி தேவைப்படவில்லை. கனடாக்காரர் கிட்டாரைப் பைக்குள் வைத்து மூடினார்.

எனக்குத் தாங்கவில்லை. இடித்துக்கொண்டிருந்த ஒரு சினிமாக் கொட்டகையில் பெரிய ஸ்பீக்கர் வாங்கினேன். முதலில் தேயிலைப் பெட்டியில் பொருத்தினேன்; அதிர்வில் ஆணியெல்லாம் கழன்றது. பிறகு பலாப்பலகை அறுத்து நானே அடித்தேன். உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டும். "என் தலகாணியக் கிழிச்சு வெள்ளைக்காரருக்குப் பொட்டி தைக்கிறீங்களா?" என்று கத்தினாள் மனைவி. கத்தினாலும் மற்றத் தலையணையையும் அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

பொங்கலுக்கு அதே தோட்டம். கனடாக்காரர் கிட்டாரை என் பெட்டியில் மாட்டி, தோட்டத்துப் பாட்டுக் கோஷ்டியோடு வாசித்தார். லயத்துக் கூரைத் தகரம் நடுங்கியது. "அய்யோ, காலு வழியா ஏறுதுங்க!" என்று ஒரு பெண் குதித்தாள். ஆனாலும் யாரும் அவரைப் பார்க்கவில்லை, பாடுகிறவனைத்தான் பார்த்தார்கள். பாதியில் வியர்வை துடைக்க அவர் நிறுத்தினார். பாடுகிறவன் பாடுகிறான், ஆர்மோனியம் கேட்கிறது, ஆனால் பாட்டு அந்தரத்தில் தொங்குகிறது. மொத்தக் கூட்டமும் அவர் பக்கம் திரும்பியது. "ஏன் நிப்பாட்டிட்டாரு? வாசிக்கச் சொல்லுங்க!" என்று கத்தியது அதே தலைவர். துண்டை முகத்தில் வைத்தபடி நின்றார் கனடாக்காரர். அழுதாரா, சிரித்தாரா, தெரியவில்லை. அந்த வாரமே தன் பழைய கோஷ்டிக்குத் திரும்ப ரயில் ஏறிவிட்டார். மதித்த இடத்தில் இருக்காமல், மதிக்காத இடத்துக்கு எதற்குப் போனார்?

எண்பதுகளில் மொதலாளி கடைக்குக் கனடாக்காரரின் இசைத்தட்டு ஒன்று வந்தது. அதே கோஷ்டியோடு சேர்ந்து அங்கே பெரிய ஆளாகிவிட்டாராம். மொதலாளி அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். படம் பிடித்தவர் பேர் இருந்தது, சாப்பாடு போட்டவர் பேர்கூட இருந்தது. கடைசியில், "பதுளை ஆக்களுக்கு நன்றின்னு எழுதி ஈக்கு தம்பி."

"என் பேரு?"

"பதுளை ஆக்கள்னா நீங்களுந்தானே?"

இது கோயில் தலைவர் காதுக்கும் போனது. "எங்களுக்குத்தான் நன்றி சொல்லியிருக்காரு" என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். சிரித்தவருக்கும் செய்தவனுக்கும் ஒரே பங்கா? தட்டை அந்தப் பெட்டியிலேயே போட்டுக் கேட்டேன். பாட்டு வந்தது, டிரம் வந்தது. காதுக்கு அவரைக் காணோம். பலகையில் உள்ளங்கையை வைத்தேன். அங்கே இருந்தார்.

இப்போது அவர் காலமாகிவிட்டார், அங்கே அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறார்கள் என்று மொதலாளியின் மகன் சொல்கிறான். என்னை மறந்துவிட்டாரா, அந்த ஒரு வரிக்குள் நானும் அடக்கம் என்று நினைத்தாரா? செடியைத் தள்ளி வைத்துவிட்டுப் பலகையில் கை வைத்துப் பார்க்கிறேன். பெட்டி சும்மா இருக்கிறது. நீ இல்லாவிட்டாலும் தெரியாது என்ற சொல் தாங்காமல் கடல் தாண்டி வந்த மனுசன் அவர். அவருக்கா என் பேர் விட்டுப்போகும்?

எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன். பலகை பலா, பஞ்சு என் மனைவியின் தலையணை, அடித்தது நான். பேரை மொதலாளி மகனிடம் கேட்டால் இங்கிலீஷிலேயே எழுதித் தருவான். பதுளை ஆக்களோடு சேர்க்காமல், தனி வரியில் போடுங்கள்.