முடி கேட்டுப் போனவள்

ஊசி இல்லை, இரத்தம் இல்லை, பிடரியில் கொஞ்சம் முடி தந்தால் போதும் என்று வீடு வீடாகக் கேட்பது சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். நீங்களும் கதவு தட்டிப் பிழைப்பவராக இருந்தால் உங்களுக்கே தெரியும். மார்புப் புற்றுநோயை முடியை வைத்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாமா என்று பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்காக, இலங்கையில் சண்டைக் காலத்தில் மாத்தளைப் பக்கம் முடி சேகரித்தவள் நான்.

முதல் நாள்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கத்தரிக்கோலை எடுத்ததும் பெண்கள் தலையை மூடிக்கொண்டார்கள். முடியைக் கொண்டுபோய்ச் செய்வினை வைப்பேனாம். ஒரு மணித்தியாலம் விளக்கியும் ஒருவரும் அசையவில்லை. அன்று நான் வெறுங்கையோடு திரும்பாததற்கு, கொழுந்து பறிக்கும் ராசம்மா சொன்னதுதான் காரணம்: "மொதல்ல ஒங்க முடிய வெட்டுங்க மிஸ், அப்பறம் எங்க தலையில கைய வைங்க."

சாயம்

மாத்தளை டவுனில் புடவைக்கடைக்காரரின் மனைவி பரீதா, கதவைச் சாத்திவிட்டு முக்காட்டை எடுத்தார். முடியெல்லாம் மருதோண்டிச் சிவப்பு. சாயம் பட்ட முடி ஆகாது என்றேன். அவருடைய தங்கை இந்த நோயில்தான் மௌத்தானவர். "அப்ப புதுசா வளர்ற வரைக்கும் நான் மருதோண்டி பூசல்ல, நீங்க கட்டாயம் திரும்பி வரணும்."

சோதனைச் சாவடி

ஒரு சிப்பாய் என் பையைக் கொட்டினார். பெயர் எழுதிய உறைகள், உள்ளே பெண்களின் முடி. சூனியமா என்று சிங்களத்தில் அதட்டினார். விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வோர் உறையாக அவரே திரும்ப அடுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எங்க அம்மாவோட முடிய தபால்ல அனுப்பச் சொன்னா பாப்பீங்களா மிஸ்?"

செல்வமணி

இன்னொரு லயத்தில் செல்வமணிக்கு முடி வெட்டும்போது, அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள், "நெஞ்சுல கட்டி இருந்தா இதுல தெரிஞ்சிருமா?" கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். டாக்டர் முன்னால் சட்டை கழற்ற வெட்கப்பட்டு, மாதக்கணக்காகப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. இந்தச் சோதனை சரிவருமா என்றே இன்னும் தெரியாது, இதை நம்பிக் காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அழுதாள், வரமாட்டேன் என்றாள். மறுநாள் விடிந்ததும் அவள் வாசலில் போய் நின்றேன். பஸ் ஏற்றி ஆஸ்பத்திரியில் காட்டும் வரை கையை விடவில்லை.

புற்றுநோய்தான், ஆனால் பரவியிருக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து, உடம்பு தேறி, மறுபடி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் மேலேயிருந்து சத்தம் போட்டாள்: "மிஸ், என் முடி என்னா சொல்லுதுன்னு கடுதாசி இன்னும் வரலீங்களே!"

முடி நோயைச் சொல்லுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னால் நின்று முடி வெட்டினால் பெண்கள் நோயைச் சொல்லிவிடுவார்கள் என்பது மட்டும் நிச்சயம்.