மடியில் கொட்டிய பிடியரிசி

எங்கள் சித்தப்பாவைக் கொன்றவரைத் தூக்கில் போட வேண்டாம் என்று மைசூர் மகாராஜாவுக்குப் போன விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து எங்கள் அப்பாவுடையது. இப்போது இதை வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அப்போது எனக்கு எட்டு வயது. பெருமையாவது ஒன்றாவது, நான் கொதித்துப் போயிருந்தேன்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைனில் எல்லாம் மூங்கில் தட்டி வீடுகள். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் நாலாவது வீட்டில் உப்பு போதுமா என்று சொல்லிவிடுவார்கள். சித்தப்பாவும் அவரைக் கொன்ற அந்த மனிதரும் சுரங்கத்தில் ஜோடி. ஒருவர் உளியைப் பிடிக்க மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் ஒரே பாயில்தான் உட்காருவார்கள். ஒரு சம்பள நாளில் சாராயக் கடையில் வாய்த்தகராறு முற்றி, அந்த மனிதர் கையில் கிடைத்த கட்டையால் அடித்துவிட்டார். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. தகராறு எதைப் பற்றி என்று யாருக்கும் தெரியாது, அடித்தவருக்கே நினைவில்லையாம். கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்பானது.

அப்பா எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர். எதற்கும் அவரிடம் ஒரு வேத வசனம் தயாராக இருக்கும். மழை பொய்த்தால் ஒன்று, பெய்து கூரை ஒழுகினால் இன்னொன்று. உயிருக்கு உயிர் என்பது நோவா காலத்துச் சட்டம், அதை மாற்ற நாம் யார் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. புருஷனை இழந்து எங்களோடு வந்து தங்கிவிட்ட சித்தி மட்டும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த மனிதரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். முன்பெல்லாம் எனக்குப் பின்னல் போட்டுவிட்டவள். சித்தப்பா போனபின் அந்த வீட்டுப் பக்கம் நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். பங்காருபேட்டைப் பக்கம் ஒரு மருத்துவச்சியிடம் கருவைக் கலைக்க மருந்து வாங்கி வந்திருக்கிறாள் என்ற சேதி, தட்டி தட்டியாகத் தாண்டி எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அப்பா துடித்துப் போனார். கொலை கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஆறாம் கற்பனை. வயிற்றுக்குள் இருந்தாலும் உயிர் உயிர்தான். போய்ச் சொல்வது மூப்பரின் கடமை என்றார். தனியாக இருக்கும் பெண் வீட்டுக்கு ஆண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்பதும் சபையில் ஒரு கட்டுப்பாடு. அம்மா வர மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அக்கா வீட்டு அடுப்போரம் மருந்து காய்ச்சிய சட்டி மூடியிருந்தது. அப்பா நின்றபடியே ஆறாம் கற்பனையைச் சொன்னார், நரகத்தையும் சொன்னார். முடிக்கும் வரை கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்.

“இது ஆண்டவரு குடுத்த உசுரு, தொடக்கூடாதுன்றீங்க. சரிங்கண்ணா. பெங்களூரு ஜெயில்ல கீற உசுர யாரு குடுத்தது?”

அவன் கொலைகாரன், இது ஒரு பாவமும் அறியாதது, இரண்டும் ஒன்றாகுமா என்றார் அப்பா.

“ஒண்ணுன்னு சொல்லலண்ணா. அவரு பண்ணது பாவந்தான். ஆனா தூக்குல போனவன் புள்ளைக்கு இந்த லைன்ல யாரு ஒருவாய் சோறு போடுவாங்க? நீங்க போடுவீங்களா?”

அப்பாவிடம் வசனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளம்மா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவள் சட்டியைப் பார்த்தாள், பிறகு தலையசைத்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அம்மாவிடமும் சித்தியிடமும் ஒன்று விடாமல் சொன்னார். சனிக்கிழமை வந்த போதகரிடமும் கேட்டார். போதகர் வெகுநேரம் தாடியைத் தடவிவிட்டு, தூக்குக்கும் வேதத்தில் இடமுண்டு, மன்னிப்புக்கும் உண்டு, மிஷன் துரைக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். துரையின் பதில் இன்றுவரை வரவில்லை.

எங்கள் சபையில் பிடியரிசி வழக்கம் உண்டு. பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் முன்னால் இருக்கும் கூடையில் கொட்டுவார்கள். அதை இல்லாதவர்களுக்கு மூப்பர்கள் பார்த்துக் கொடுப்பார்கள். கொலை நடந்த பிறகு அக்கா வீட்டுக்கு அதில் ஒரு மணிகூடப் போகவில்லை. அந்த ஞாயிறு, காணிக்கைப் பாட்டு நடக்கும்போது சித்தி தன் பானையோடு எழுந்தாள். கூடை வரை போனவள் அங்கிருந்து திரும்பி, கடைசியில் கதவோரம் ஒதுங்கி உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனாள். மடியைப் பிடி என்றாள். அக்கா முந்தானையை விரிக்க, பானையை அப்படியே கவிழ்த்தாள். பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

“இந்தப் புள்ளைக்குச் சோறு நான் போடறேன். அதோட அப்பனுக்கு நீங்க பாருங்க மாமா,” என்றாள் அப்பாவைப் பார்த்து.

அடுத்து அம்மா எழுந்து போனாள். இன்னும் சிலர் போனார்கள். சிலர் கூடையிலேயே கொட்டினார்கள்; ஒருத்தி அரிசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். அன்று சாயங்காலம் அக்கா சட்டியிலிருந்ததை வாசலில் கொட்டியதை நாலு வீட்டார் தட்டிச் சந்து வழியே பார்த்துச் சொன்னார்கள். அதே சாயங்காலம் அப்பா பள்ளிக்கூட வாத்தியாரை வைத்து விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே சித்தி கைநாட்டு வைத்தாள். அதற்காக அப்பா தூக்கே கூடாது என்று மாறிவிடவில்லை. தண்டிப்பது சர்க்கார் வேலை, இரக்கம் கேட்பது நம் வேலை என்பார். சாகும் வரை நோவாவின் சட்டத்துக்கும் கல்வாரிச் சிலுவையின் மன்னிப்புக்கும் நடுவில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார்.

எனக்குத்தான் ஆறவில்லை. சித்தப்பா குழியில் மண்கூடக் காயவில்லை, அதற்குள் சித்தி மறந்துவிட்டாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் பிசைந்து கொடுத்த சோற்றை வாங்கவில்லை. அவளும் என்னைக் கெஞ்சவில்லை.

வெயில் காலத்தில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சித்திதான் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த சமயம், தூக்கு நீங்கி ஆயுள் சிறை என்று மைசூரிலிருந்து உத்தரவு வந்தது. அப்பா மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார். சித்தி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், சுவரில் சாய்ந்து கதறினாள். கட்டினவன் பேரை ஒருநாளும் வாயால் சொல்லாதவள், அன்று சித்தப்பா பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

கொன்றவர் தப்பித்துவிட்டாரே என்றுதான் அழுகிறாள், இப்போதாவது புத்தி வந்ததே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒரு சாவுக்காகக் காத்துக்கொண்டே இன்னொரு சாவுக்கு அழ முடியாது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.