உறுமி கேட்டு ஒளிரும் மரத்தோடு சுங்கை சிப்புட்டுக்கு

ஏழடி உயரம், அறுநூறு எல்.இ.டி. விளக்குகள், ஒரு சின்ன மைக். சத்தம் கேட்டால் எரியும், அடங்கினால் அணையும். தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழகக் குழுத் திட்டத்துக்காக நானும் தினேஷும் ஹுய் மின்னும் நான்கு மாதம் உட்கார்ந்து செய்த மரம் இது. மக்கள் முன்னால் ஓடவிட்டுக் காட்டினால்தான் மதிப்பெண். சுங்கை சிப்புட் பக்கம், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த ஒரு குடியிருப்பில், பெண்கள் உறுமி மேளக் குழு ஒன்று தன் முதல் ஆண்டு விழாவில் எங்களுக்கு இடம் கொடுத்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

ரயிலில் ஏற்ற முடியாத அளவு என்பதால் சின்ன லாரி பேசினோம். நெடுஞ்சாலை டோல் கட்டணமும் சேர்த்து, போக வர 420 ரிங்கிட். காலை 7.10க்குப் புறப்பாடு. ஓட்டுநர் செல்வா அண்ணே பழைய மெத்தைகளை விரித்து மரத்தைப் படுக்க வைத்தார். மற்ற இருவரும் ஹுய் மின்னின் காரில் பின்னால் வர, நான் லாரியில் ஏறிக்கொண்டேன்.

"உறுமி அடிச்சுப் பாத்தீங்களா தங்கச்சி? நல்லா எரியுதா?" என்றார்.

"எரியுது அண்ணே" என்றேன்.

அது பொய். உண்மையான உறுமியை வைத்துச் சோதிப்பது என் பொறுப்பு. பரீட்சை நெருக்கடியில் கைப்பேசியில் இருந்த பதிவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "முடிச்சாச்சு" என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன்.

ஈப்போ சுமார் 135 கிலோமீட்டர். மெதுவாகவே போனதால் 9.20 ஆகிவிட்டது. இரண்டு பேருக்கு ரொட்டி சானாய், தே தாரிக், 9 ரிங்கிட். அங்கிருந்து சுங்கை சிப்புட் 30 கிலோமீட்டர். கடைசி நான்கு கிலோமீட்டர், செம்பனை நடுவே குழி குழியான தோட்டப் பாதை, அரைமணி நேரத்தை விழுங்கியது. 11 மணிக்கு விழா நடக்கும் மண்டபம்.

இரண்டு மணிக்கு ஒத்திகை. குழுத் தலைவி புவனா அக்கா வாரநாட்களில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவர் முதல் அடி அடித்ததும் அறுநூறு விளக்கும் ஒரே வெள்ளையாக எரிந்தன. அசைவே இல்லை, டியூப் லைட் மாதிரி. விழா ஐந்து மணிக்கு.

"நீ டெஸ்ட் பண்ணேல்ல?" என்றான் தினேஷ்.

"இல்ல. ரெக்கார்டிங்லதான் பாத்தேன். பொய் சொல்லிட்டேன்."

அவன் வெளியே போய்விட்டான். ஹுய் மின் என் முகத்தைப் பார்க்காமலேயே மடிக்கணினியைத் திறந்தாள். நான் மைக்கின் திருகைத் திருப்பி அதன் கூர்மையைக் குறைத்தேன். வெள்ளை போனது, ஆனால் எல்லா விளக்கும் ஒன்றாகவே சிமிட்டின.

புவனா அக்கா உறுமியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்தப் பக்கம் அடிக்கிறது, இந்தப் பக்கம் குச்சியால தேய்க்கிறது. ரெண்டும் வேற வேற சத்தம்லா. உங்க மரத்துக்கு அது தெரியாதா?"

தெரியாது. நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருக்க, அந்த ஒலியை அடிமரத்துக்கு நீலமாகக் கொடுத்தோம். அடிக்கும் சத்தத்தைக் கிளைகளுக்கு மஞ்சளாக. நாற்பது தடவையாவது வாசித்திருப்பார். நாலரைக்குத் தினேஷ் குடிக்கச் சிராப் ஐஸ் பொட்டலங்களோடு திரும்பி வந்தான். ஒன்றை என்னிடம் நீட்டி, "தள்ளு, அந்தக் கிளையோட வயர நான் பாக்கிறேன்" என்றான்.

ஐந்தேகாலுக்கு உறுமி முனகியபோது தண்டில் நீலம் ஊர்ந்து ஏறியது; அடி விழுந்ததும் கிளைகள் வெடித்தன. ஒரு கிளை கடைசிவரை எரியவே இல்லை. மேளம் நின்றதும் மரம் முழுக்க அணைந்தது. அந்த நிசப்தத்தில் பின்வரிசையில் யாரோ இருமினார். உச்சியில் ஒரே ஒரு விளக்கு மின்னியது. கூட்டம் சிரித்த சிரிப்பில் மரம் மறுபடி பற்றிக்கொண்டது. பிறகு மண்டபமே வேண்டுமென்று இருமியது.

இப்படி ஒன்றைச் செய்துகொண்டு போகிறவர்களுக்கு: அந்தத் தோட்டப் பாதைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் வையுங்கள். மழை பெய்தால் லாரி ஏறாது. விழாவுக்கு முந்தின நாளே போய்விடுங்கள். முக்கியமாக, வாசிக்கப்போகிறவரோடு உட்கார்ந்து சோதியுங்கள். செய்யாததைச் செய்ததாகச் சொல்லாதீர்கள்.

மதிப்பெண் இன்னும் வரவில்லை. அன்று மாலை ஏழு மணிக்கு மரத்தைக் கழற்றப் போனபோது, "தீபாவளி வரைக்கும் இருக்கட்டுமே" என்றார் புவனா அக்கா. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த எரியாத கிளையைச் சரிசெய்ய அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு, அவர்கள் காரிலும் நான் வெறும் மெத்தைகளோடு லாரியிலும் ஏறினோம்.