யாச்சின் வைத்த பற்கள்

சீனாவில் பெய்பியாவ் பக்கம் கொல்லையைத் தோண்டினால் கல்லுக்குள் புதைந்து கல்லாகிப்போன பழங்காலப் பறவை கிடைக்கும். ஒன்றின் சிறகை இன்னொன்றின் உடம்பில் ஒட்டி, கிடைக்காத பொருள் என்று விற்பது ஊரில் பாதிப் பேருக்குக் கைவந்த கலை. குவான் யாச்சின் அந்த வேலைப் பக்கமே போகாதவள். அதனால்தான் ஊர் அருங்காட்சியகத்தில், கல்லைச் சுரண்டிப் பறவையை வெளியே எடுக்கும் வேலையை அவளை நம்பிக் கொடுத்தார்கள். ஊசியும் மைக்ராஸ்கோப்புமாகப் பத்துப் பதினைந்து வருடம் ஓடியது. தன் கை சுத்தம் என்று அவளுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. ஊர் அதை ரசிக்கவில்லை.

அந்த வசந்தத்தில் வந்தது அவளுக்குப் பழகிய இனம். சிறகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த இனத்துக்குத் தாடையில் பொடிப் பற்கள் இருக்கும். சுரண்டி முடித்துப் பார்த்தால் ஒரு பல்கூட இல்லை. தன் ஊசிதான் பெயர்த்துவிட்டது என்று நினைத்தாள். மேசைத் தூசியை எல்லாம் சலித்தாள். வெறும் மண்.

வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டதும் கணவன் மா சிரித்தான்.

"மகாராணிக்கும் இந்த நெலம வந்துச்சா? மீன் பதிஞ்ச கல்லு நம்ம கொல்லையில எவ்வளவு கெடக்கு! நாலு பல்லப் புடுங்கி ஒட்டு. எவன் பாக்கப் போறான்?"

"வாய மூடுய்யா," என்றாள்.

மறுநாள் ஒட்டினாள்.

கோடையில் பெய்ஜிங்கிலிருந்து புதைபடிவ ஆய்வாளர் ஷென் வந்தார். கல்லைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"ப்ச், இதுக்கும் பல்லு. நான் தேடுறது பல்லில்லாதது, அக்கா."

"இந்த இனத்துல பல்லில்லாம இருக்குமா?"

"ஏன் இருக்காது? டைனோசர் காலத்துலயே சில பறவைங்க பல்லைக் கைவிட ஆரம்பிச்சிருச்சே. பல்லு உருவாகுற வரைக்கும் குஞ்சு முட்டைக்குள்ளயே கெடக்கணும். அதுக்குள்ள எதாவது வந்து தின்னுட்டுப் போயிடும். பல்லில்லேன்னா சீக்கிரம் வெளிய வந்துரலாம். கொத்துறதுக்கு அலகு, அரைக்கிறதுக்கு வயித்துல கல்லு. அப்படித்தான் சிலபேர் சொல்றாங்க. இந்த இனத்துலயும் ஒண்ணு கெடைச்சா எவ்வளவு நல்லாருக்கும்!"

யாச்சின் தான் ஒட்டிய பற்களைப் பார்த்தாள். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நாந்தான் ஒட்டினேங்க, ஐயா. அதுக்குப் பல்லே இல்ல. நான் ஒடச்சிட்டேன்னு பயந்துட்டேன்."

திட்டுவார், அல்லது பல்லில்லாப் பறவை கிடைத்தது என்று குதிப்பார் என எதிர்பார்த்தாள். ஷென் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு முன்னாடி எதுல எல்லாம் ஒட்டினீங்க?"

"எதுலயும் இல்லீங்க. சத்தியமா."

அவர் தலையாட்டினார். அவள் இத்தனை வருடம் எடுத்த பறவைகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி, வேறெதிலும் ஒட்டு இருக்கிறதா என்று சோதிக்க லாரியில் ஏற்றினார்கள். கல் கனமாக இருந்ததால் அவளும் ஒரு கை பிடித்தாள்.