கதவோரச் செருப்பு

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. தமிழில் பேசும் ஒரு கார்ட்டூன் குடும்பம். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அவர் துபாயிலும் நான் லப்பைக்குடிக்காட்டிலும் ஒரே எபிசோடைப் பார்த்துவிட்டு வீடியோ காலில் சண்டை போடுவோம். கதைக்காக அல்ல, அந்த வீட்டுக்காக. போன வாரம் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னல் இப்போது எங்கே? அடுப்படிக் கடிகாரம் ஏன் எப்போதும் நாலரை? படம் வரைகிறவன் சோம்பேறி என்பேன் நான். அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு அந்த வீட்டுத் தாத்தா. "கதவோரம் அவரு செருப்பப் பாரு புள்ள. எந்த எபிசோட்லயும் அசையல. அந்தாளு எப்பவோ மவுத்தாயிட்டாரு. வூட்டுல உள்ளவங்க மறைக்கிறாங்க."

"செத்தவரா இப்படிப் பேசுறாருங்க?"

"அது இவங்க நெனப்புல பேசுறது."

விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு ஒரு காலையில் மாமா, என் வீட்டுக்காரரைப் பெற்ற அத்தா, பல் துலக்கும்போதே சரிந்துவிட்டார். பக்கவாதம். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது பக்கம் வரவில்லை, வாய் கோணிவிட்டது. அந்த நிலையிலும் என் கையைப் பிடித்து, "அவன்ட்ட சொல்லாதம்மா," என்றார். எங்கள் ஊரில் அப்படித்தான், வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குக் கெட்ட சேதியை உடனே சொல்வதில்லை. சொன்னால் இவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்.

காலை முழுக்க ஆஸ்பத்திரி, சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டம். தினமும் அவர் கூப்பிடும் நேரத்துக்கு மாமாவின் செருப்பு கதவோரம், கைத்தடி சுவரில், மூக்குக்கண்ணாடி பேப்பர் மேல். எல்லாம் கேமராவில் தெரியும்படி. "குளிக்கிறாங்க", "இப்பத்தான் கண்ணசந்தாங்க" என்று ஏதாவது சொல்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஆனாலும் ஒரு பொருளும் இடம் மாறாமல் பார்த்துக்கொண்டேன், கெட்டிக்காரி.

ஒன்பதாம் நாள் அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செருப்பு ஒம்போது நாளா அசையல புள்ள," என்றார். "அத்தா மவுத்தா?"

"யா அல்லாஹ், இல்லைங்க! ஆஸ்பத்திரில இருக்காங்க," என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஒன்பது நாள் பொய் சொன்னவள் நான்.

"காட்டு. கட் பண்ணாத."

போனைப் பிடித்தபடியே பஸ் ஏறினேன். அவர் மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு ஒரே பயம்தான். நான் போய்ச் சேர்வதற்குள் மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சாகும்வரை இவர் என்னை மன்னிக்க மாட்டார். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது டிரைவரை வாயில் வந்தபடி திட்டினேன்.

வார்டில் மாமா கண் மூடிக் கிடந்தார். போனை முகத்தருகே கொண்டுபோனேன்.

"அசையச் சொல்லு," என்றார் இவர். குரல் உடைந்திருந்தது. "ஒருதரம் அசையச் சொல்லு புள்ள."

தோளைத் தொட்டேன். அசைவில்லை. "மாமா, மாமா" என்று உலுக்கினேன். மெல்லக் கண் திறந்தது. போனில் மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி என் மணிக்கட்டில் ஒரு அடி வைத்தார்.

"சொல்...லாதன்னு... சொன்னேன்ல?"

அந்தத் திட்டைக் கேட்டு, அங்கே அவரும் இங்கே நானும் ஓவென்று அழுதோம்.