நான்கு டிஸ்க்கும் நிலந்தி மிஸ்ஸும்

ஸ்பிரிட் வாசனை, நிற்காத ஃபேன் இரைச்சல்... மாத்தளை டவுனில் இருந்த அந்த இரத்தப் பரிசோதனை லேப்பை நினைத்தால் முதலில் வருவது இந்த இரண்டும்தான்.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம். இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் போய், ஒரு சின்ன கம்பியூட்டர் கொம்பனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். லேப் சேர்வரில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்று போன் வந்தது. நானும், கூட வேலை செய்த சிங்களப் பையன் சமிந்தவும் போனோம்.

சமிந்த நேரே உள்ளே போய்விட்டான். என்னை வாசலில் நிறுத்தினார்கள்.

லேப்பின் சொந்தக்கார டொக்டர் காவலாளியிடம் சிங்களத்தில் சொன்னார்: "அந்தத் தமிழ்ப் பையன நல்லா செக் பண்ணிட்டு விடுங்க. ஆமிக்காரங்க குடும்பத்து விவரமெல்லாம் அந்த சேர்வர்லதான் இருக்கு."

எனக்குச் சிங்களம் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

பாக்கெட், பெல்ட், சப்பாத்து... ரிப்போர்ட் எடுக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் எங்கள் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருத்தியும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். காவலாளியின் கையைவிட அந்தக் குனிந்த தலைதான் என்னைச் சுட்டது.

சேர்வர் அறையில் ரிசப்ஷன் நிலந்தி மிஸ்ஸை என் பக்கத்தில் காவலுக்கு நிறுத்தினார் டொக்டர். "கண்ண எடுக்காம பாருங்க" என்றார்.

ஒரே கொம்பனி, ஒரே சைஸ், ஒரே கறுப்பு முகம்... நான்கு டிஸ்க். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் தாங்கிப்பிடிக்கும். தவறிப்போய் உயிருள்ள ஒன்றைக் கழற்றினால் அத்தனை நோயாளிகளின் ரிப்போர்ட்டும் போய்விடும். ஸ்க்ரீன், செத்தது "2" என்று காட்டியது. ஆனால் ஸ்க்ரீன் பூச்சியத்திலிருந்து எண்ணும். பெட்டியின் முகத்தில் ஒட்டியிருந்த நம்பரோ ஒன்றிலிருந்து தொடங்கும். பழுதைக் காட்டும் சிவப்பு லைட்டும் வேலை செய்யவில்லை.

அதனால் சமிந்தவை ஒரு பெரிய ஃபைலை கொப்பி பண்ணச் சொன்னேன். நிலந்தி மிஸ்ஸுக்கும் விளக்கினேன். "பாருங்க மிஸ், கொப்பி ஆகும்போது மூணு பச்சை லைட் மின்னும். மின்னாம இருக்கறதுதான் செத்தது."

இவ்வளவும் தெரிந்தவன்தான். ஆனால் மனம் இன்னும் வாசலிலேயே நின்றது. "2" என்று ஒட்டியிருந்த டிஸ்க்கின் கொக்கியில் விரல் வைத்துவிட்டேன்.

"மல்லி, பொறுங்க!" சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, நிலந்தி மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அந்த லைட் மின்னுதே! மின்னாததுதான் செத்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

விரலை எடுத்தேன்.

"3" என்று ஒட்டியிருந்த மூன்றாவதுதான் செத்தது. கொக்கியைத் திறந்து கொஞ்சம் மட்டும் வெளியே இழுத்து, உள்ளே சுழல்வது நிற்கும்வரை காத்திருந்து, பிறகு மெதுவாக உருவினேன். புது டிஸ்க் போட்டதும் மற்ற மூன்றிலிருந்தும் விவரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஏறத் தொடங்கியது. ஒரு ரிப்போர்ட்கூடப் போகவில்லை.

டொக்டர் "தேங்க்ஸ்" சொன்னார். வெளியே போகும்போது என்னை மறுபடியும் செக் பண்ணினார்கள்.

நிலந்தி மிஸ் கேட் வரைக்கும் வந்தார். "மல்லி... மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"பரவால்ல மிஸ். எல்லாருக்கும் செய்யுறதுதானே" என்றேன்.

எல்லோருக்கும் இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் கண் கலங்கியது. எனக்கு அதுவும் தாங்கவில்லை. அவசர அவசரமாக நடந்தேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். "இன்னைக்கு வேலை எப்படிங்க?"

"நல்லா போச்சு."

இப்போது கொழும்பில் வேலை. சுழலும் டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. எதைக் கழற்ற வேண்டும் என்று சேர்வரே நீல லைட் போட்டுக் காட்டுகிறது. மாத்தளைக்குப் போகும் வழியில் முன்போல ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி யாரையும் இறக்குவதில்லை. என் பெயரைக் கேட்டதும் யாருடைய முகமும் மாறுவதில்லை... அல்லது நான் கவனிப்பதில்லை.

போன மாதம் மகள் கேட்டாள். "அப்பா, யுத்த காலத்துல உங்களுக்கு ஏதாவது நடந்துச்சா?"

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

செய்தவர்கள் வெட்கப்பட்டார்களோ என்னவோ. ஒரு தப்பும் செய்யாத எனக்குத்தான் பெற்ற பிள்ளையிடம்கூட அதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது...