ஜாக்பாட் விழாத வீடு

மட்டாஞ்சேரியில், செர்லாய்க் கடைத்தெருவுக்குப் பின்புறச் சந்தில், மாடிப்படி வெளியே இருக்கும் வீட்டில் நீலாம்பாள் தனியாக இருந்தாள். கணவர் வெங்கிடேஸ்வரன் சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று வந்தபோது அவர் கப்பலிலிருந்து கொண்டுவந்தது ஒரு முதுகுவலியும் போக்கர் ஆட்டமும்தான். ரம்மி தெரிந்த ஊரில் போக்கரைச் சொல்லிக்கொடுத்து, ஆள் சேர்த்து, சனிக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையிலேயே ஆட்டம் வைத்தார். நீலாம்பாள் சாயா போட்டுக்கொண்டு அடுக்களையிலிருந்து கேட்டுக் கேட்டே ஆட்டத்தைப் படித்தாள். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. இரண்டையும் சேர்த்து யார் நல்ல ஐந்தைக் காட்டுகிறாரோ அவருக்கு, காசுக்கு ஈடாகக் கட்டி மேசையில் குவிந்த வில்லைகள்.

அவர் போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் மூன்று பேர் அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நீலாம்பாள் அலமாரியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள்.

மூவரில் மூத்தவர் நாணு. சிராங்காகப் படகு ஓட்டியவர். வெங்கிடேஸ்வரனின் பழைய சிநேகிதர், அவரைச் சாமி என்றே கூப்பிடுவார். இரண்டாவது ரமேஷ்பாபு, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பஜாரில் குழாய், வால்வு விற்கும் சின்னக் கடை வைத்தவன். மூன்றாவது ஸ்ரீநாத். அதே சந்துக்காரன், ஆடிட்டர் ஆபீசில் வேலை. தமிழ் பேசுவான், எழுத வராது.

வீட்டுக்கென்று சட்டங்கள் இருந்தன. எல்லாம் வெங்கிடேஸ்வரன் போட்டவை. நாலு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் கிடையாது. மேசையில் போன் எடுக்கக் கூடாது. வேண்டாமென்று கவிழ்த்துப் போட்ட சீட்டை யாரும் புரட்டிப் பார்க்கக் கூடாது. ஒருவன் கையிலிருந்த வில்லையெல்லாம் வைத்துத் தீர்ந்துபோனால், மற்றவர்கள் அதற்கு மேல் கட்டுவது தனிக் குவியல். அதில் அவனுக்குப் பங்கில்லை. இரண்டு குவியலும் கலந்துவிடாமல் நடுவே ஒரு கரண்டியை வைப்பார். ஒவ்வொரு ஆட்டத்திலும் எல்லோரும் கட்டிய பெரிய குவியலிலிருந்து மட்டும் ஒரு வில்லைக்கு உண்டான காசு ஜாக்பாட் டப்பாவுக்குப் போகும். கரண்டிக்கு அந்தப் பக்கம் இருப்பதைத் தொடக்கூடாது. மூன்று ஆசும் ஒரு ஜோடியும் யாருக்காவது சேர்ந்து விழுந்தால் டப்பா மொத்தமும் அவருக்கு. விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஆட்டம் முடியும்.

அவர் போய்க் கொஞ்ச நாளிலேயே ஸ்ரீநாத்துக்கு ஜாக்பாட் விழுந்தது. கைதட்டி எடுத்துக்கொண்டு போனான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ரமேஷ்பாபு, “டப்பா காலியா கிடக்கு மாமி, ஒரு ரசமும் இல்ல. கொஞ்சம் சேரட்டும், வாரேன்” என்று, அவள் வரச்சொல்லிக் கூப்பிட்டபோது போனில் சொன்னான். நாணு மட்டும் வந்து, ஆளில்லாததைப் பார்த்து, சாயா குடித்துவிட்டுப் போனார். நீலாம்பாள் நாலு தம்ளரில் மூன்றைக் கழுவாமலேயே எடுத்து வைத்தாள். அவற்றில் யாரும் குடித்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் புனேயிலிருந்து மகள் அம்ருதா பேசுவாள். மற்ற நாட்களில் பால்காரர், மீட்டர் பார்ப்பவர், கீழ் வீட்டுக் குடக்கூலிக்காரர்கள். அவர்கள் வங்காளத்து ஆட்கள், விடியும்முன் வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த வாரம் முழுக்கத் தன் குரலைத் தானே கேட்காமல் இருந்ததை, கடையில் கொத்தமல்லி கேட்கத் தொண்டையைச் செருமியபோதுதான் அவள் உணர்ந்தாள்.

நாணு போய்ச் சொல்லி எல்லோரும் மறுபடி கூடிய நாளில் அவள் முதல் திருத்தத்தைச் சொன்னாள். “இனிமே மூணு ஆசுக்கெல்லாம் ஜாக்பாட் கிடையாது. ஒரே நம்பர் நாலும் வரணும்.”

“அது அபூர்வமாச்சே மாமி” என்றான் ஸ்ரீநாத்.

“அபூர்வமா வந்தாத்தானே அது ஜாக்பாட்.”

யாரும் மறுக்கவில்லை. விழாத டப்பா கனக்கக் கனக்க அவர்களுக்கே ஆசை கூடியது. மழையானாலும் வந்தார்கள். ரமேஷ்பாபு கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். ஒருநாள் நடுவிலேயே மூன்று ராணிகள் புரண்டன. நாலாவது ராணி யார் கையில் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அது யாரிடமும் இல்லை. நீலாம்பாள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அன்றே இரண்டாவது திருத்தம் வந்தது: நாலில் இரண்டு, ஆடுபவர் கைச்சீட்டாகவே இருக்க வேண்டும். ரமேஷ்பாபு சிரித்தான். “மாமி, இது கொடுக்கதுக்குச் சட்டமா, கொடுக்காம இருக்கதுக்கா?”

“ஆடறவாளுக்கு இஷ்டமில்லேன்னா மாத்திடறேன்” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். மாற்றச் சொல்லவில்லை அவன்.

அப்படியே ஓர் ஆண்டுக்கு மேல் ஓடியது.

ஆடி மாத மழை ஒன்றில், சந்தில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றிருந்த சனிக்கிழமை, ரமேஷ்பாபு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினான். கடையை ஆலுவாவுக்கு மாற்றப்போவதாகச் சொன்னான். அங்கே மச்சான் இடம் பார்த்திருக்கிறானாம். “ஆனா ஒண்ணு. இந்த டப்பாவுக்காகவாவது வாராவாரம் வந்துருவேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீலாம்பாளும் சிரித்தாள்.

அன்று ஸ்ரீநாத் சீட்டுப் போட்டான். நீலாம்பாளுக்கு வந்தவை கிளாவர் ஒன்பதும் ஸ்பேட் ஒன்பதும். நடுவில் முதல் மூன்று புரண்டன. ஆட்டீன் ஒன்பது, டைமண்ட் ஒன்பது, டைமண்ட் ராஜா.

அவள் சாயாத் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கீழே வைக்கும்போது கொஞ்சம் மேசையில் சிந்தியது. கையில் இரண்டு, நடுவில் இரண்டு. அவளே போட்ட சட்டம், ஒரு எழுத்துப் பிசகாமல். வீட்டுக்காரிக்கு ஜாக்பாட் கிடையாது என்று வெங்கிடேஸ்வரன் சொன்னதில்லை. ஆட உட்கார்ந்தவர் யாராயிருந்தாலும் உண்டு.

நாலாவதும் ஐந்தாவதும் புரண்டன. அதில் ஒன்று டைமண்ட். ஸ்ரீநாத்தின் கண் மின்னியது. அவனிடம் ஐந்து டைமண்ட் சேர்ந்துவிட்டது என்பது யாருக்கும் தெரியும். நாலு ஒன்பதுக்கு அது கீழே. வில்லைகளைத் தள்ளினான். நாணு விலகினார், ரமேஷ்பாபு விலகினான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

சீட்டைப் புரட்டினால் அவர்கள் எழுந்து நின்று கத்துவார்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பிறகு டப்பா காலியாகும். ரமேஷ்பாபு ஆலுவாவுக்குப் போவான்.

“நேக்கு ஒண்ணுமில்லே” என்று இரண்டு சீட்டையும் கவிழ்த்துப் போட்டாள்.

ஸ்ரீநாத் குவியலை இழுத்துக்கொண்டான். அடுத்து சீட்டுப் போட வேண்டியது நாணுவின் முறை. மேசையில் கிடந்தவற்றைக் கூட்டி எடுத்தார். சிந்திய சாயாவில் ஒட்டிக்கொண்ட ஒரு சீட்டு, நகத்தால் கிளப்பும்போது புரண்டு, அதோடு மற்றதும் புரண்டது. அவர் கட்டுக்குள் செருகிவிட்டுக் கலைக்க ஆரம்பித்தார். அன்று முழுக்க அவர் பேச்சு குறைவாக இருந்ததை நீலாம்பாள் மழைக் குளிர் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாணு வந்தார். சனிக்கிழமை அல்லாத நாளில் அவர் அந்தப் படியேறியது சாவுக்கு வந்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

“உட்காருங்கோ, சாயா எடுக்கறேன்.”

“வேண்டா மாமி.” வாசல் நிலையைப் பிடித்தபடியே நின்றார். “சனியாழ்ச்ச நீங்க கவுத்திப் போட்ட சீட்டு நான் கண்டு. ரெண்டு ஒன்பது.”

நீலாம்பாள் அவருக்காக நகர்த்திய நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள்.

“சாமி இருந்திருந்தா உங்களை மேசையிலேருந்து எழுந்திரிக்கச் சொல்லியிருப்பார். அறியாமோ? ஜெயிக்கிற சீட்டை ஒளிச்சு வைக்கறது, தோக்கற சீட்டை மாத்தி வைக்கறது, ரெண்டும் ஒண்ணுதான். அந்த டப்பாவில எங்க காசும் உண்டு. நாங்க என்ன, கொச்சுக் குழந்தைகளா?”

“அந்த டப்பா தீர்ந்துபோச்சுன்னா நீங்க யாரும் வரமாட்டேள்” என்றாள். சொன்ன பிறகுதான் அது வெளியே வந்துவிட்டது தெரிந்தது. “ஸ்ரீநாத் ஜெயிச்சப்போ என்ன ஆச்சு, பாத்தேளே. அதனாலதான் சட்டத்தை இறுக்கிண்டே போனேன். ரெண்டு தடவையும் அதுக்குத்தான்.”

நாணு கீழே சந்துப் பக்கம் திரும்பினார். ‘அப்படியெல்லாம் இல்லை, வருவோம்’ என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

“சரிதான். அவங்க வரமாட்டாங்க” என்றார். “நான் வருவேன்னு நினைக்கிறேன். எனக்கும் உறப்பில்ல, நிச்சயமா சொல்ல முடியாது. முட்டு ரொம்ப மோசம் மாமி, இந்தப் படி ஏற முடியறதில்ல.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனாலும் அவங்ககிட்ட பறயணும். நீங்களே பறயணும்” என்றார்.

இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினார். இத்தனை நாள் அவர் இறங்குவதை அவள் நின்று பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் எல்லோருமாக இறங்குவார்கள், பேச்சுச் சத்தம்தான் கேட்கும்.

அந்தச் சனிக்கிழமை சீட்டுப் போடும்முன் நீலாம்பாள் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்: நாலு ஒன்பது சேர்ந்தது, தான் கவிழ்த்தது, சட்டத்தை இறுக்கிய காரணம்.

ஸ்ரீநாத்துக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. “அப்படீன்னா ஜாக்பாட் மாமிக்குத்தான். எடுத்துக்கோங்க.”

“காட்டாத சீட்டுக்கு ஒண்ணும் கிடையாது. சட்டம் அது.”

“அப்போ அந்த ஆட்டத்துல நான் ஜெயிச்சதும் ஜெயிச்சதில்லையே” என்றான். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

ரமேஷ்பாபு சிரிக்கவில்லை. “வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேம்லா மாமி. தூண்டில்ல புழு குத்துன மாதிரி டப்பாவை வச்சுட்டீயளே.”

‘ஒரு வார்த்தை சொன்னேனே, நீதானே டப்பா சேரட்டும்னே’ என்று நீலாம்பாளின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவன் சொன்னதிலும் தப்பில்லை என்று பட்டது.

நாணுதான் வழி சொன்னார். கப்பலில் சாமி செய்ததாகச் சொல்வாராம்: கரை தெரியும் நாளில், விழாத ஜாக்பாட்டை அன்றைய மிக நல்ல சீட்டுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அப்படியே முடிவாயிற்று. அன்று யாரும் வழக்கம்போல் கேலி பேசவில்லை. ஆட்டம் மளமளவென்று போனது. ஒரு தடவை நாணு இருந்ததெல்லாம் வைத்தார். நீலாம்பாள் கரண்டியை எடுத்து வைத்து இரண்டு குவியலையும் பிரித்தாள். நாணு தோற்றார். மத்தியானம் கழிந்து ரமேஷ்பாபுவுக்கு மூன்று ஏழும் இரண்டு ஜாக்கியும் சேர்ந்தன. விளக்கு நேரம்வரை அதை யாரும் மிஞ்சவில்லை.

டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் எண்ணாமல் பையில் கொட்டிக்கொண்டான். “கடைக்கு ஒரு போர்டு எழுதணும். அதுக்கு ஆகும்” என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னான். போகும்போது, “வாரேன் மாமி” என்றான். எப்போதும் சொல்வதுதான்.

அடுத்த சனிக்கிழமை நீலாம்பாள் நாலு தம்ளர் எடுத்து வைத்தாள். நாணு வந்தார், தாமதமாக. இரண்டு பேரோடு என்ன ஆட முடியும். சட்டப்படி ஆட்டமே கிடையாது. பழைய கப்பல் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அவள் மின்விசிறியைக் குறைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்தக் குறட்டை அவளுக்குத் தொந்தரவாக இல்லை. எழுந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டு போனார். பிறகு முட்டுக்கு ஊசி போட்டார்கள், படி ஏறக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளுருத்தியில் அவர் வீட்டுக்கு அவள் இரண்டு தடவை போனாள். மருமகள் நல்ல மாதிரி. ஆனால் டிவி ஓயாமல் ஓடும் கூடத்தில், நடுவே பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. ஸ்ரீநாத் சந்தில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, “சுகம்தானே மாமி?” என்பான். வைட்டிலா பக்கம் பிளாட் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானத்தை என்ன செய்வதென்பதுதான் கஷ்டமாக இருந்தது. மற்ற நாட்கள் எப்படியோ கழிந்தன. ஒரு சனிக்கிழமை அவள் மேசையைத் துடைத்தாள், புடவை மாற்றினாள், வீட்டைப் பூட்டினாள். புதிதாக வந்த வாட்டர் மெட்ரோ படகில் ஏறி ஹைகோர்ட்டில் இறங்கி, அங்கிருந்து விசாரித்துக்கொண்டு போய் மெட்ரோ ரயில் பிடித்து, ஆலுவாவில் இறங்கினாள்.

ரமேஷ்பாபுவின் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. போர்டு பெரிதாகவே இருந்தது. கடையில் கூட்டம். அவளைப் பார்த்ததும் அவன் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையைப் பாதியில் விட்டான். பிறகு ஓடிவந்து ஸ்டூல் போட்டான், சாயாவுக்குச் சொன்னான். “இந்தா வந்துட்டேன் மாமி” என்று உள்ளே போனவன், ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அதையே சொன்னான். அவள் அடுக்கி வைத்த குழாய்களையும் சுவரில் தொங்கிய சல்லடைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் கடைக்குள் ஏறி, அவள் பாதம் வரை வந்தது.

வால்வு வாங்க வந்த ஒருத்தி அவளைக் காட்டி, “அம்மையாணோ?” என்று கேட்டாள்.

ரமேஷ்பாபு வாஷர்களை எண்ணிக்கொண்டே தலை நிமிராமல், “அல்ல சேச்சி. ஞங்கள் ஒந்நிச்சு சீட்டு களிச்சிருந்நவரா” என்றான்.

ஒன்றாகச் சீட்டு ஆடியிருந்தவர்கள். ஆடுகிறவர்கள் இல்லை. நீலாம்பாளுக்கு அது சரியாகத்தான் பட்டது. அந்த வால்வுக்காரியும் அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

கூட்டம் குறையவில்லை. அவள் எழுந்து, “நான் கிளம்பறேன், ரமேஷ்பாபு” என்றாள். “அதுக்குள்ளயா? ஒண்ணும் பேசவே இல்லியே” என்று அவன் கல்லாவை விட்டு நகர முடியாமல் நின்றான். “இன்னொரு நாளைக்கு வாங்க மாமி. ஞாயித்துக்கிழமைன்னா கடை மத்தியானம் அடைச்சிருவேன்.”

“ஞாயித்துக்கிழமை அம்ருதா பேசுவா” என்றாள். இரண்டு எட்டு வைத்த பிறகு திரும்பி, “காலம்பரதான் பேசுவா. மத்தியானம் வரலாம்” என்றாள். அவனுக்குக் கேட்டதோ என்னவோ. அதற்குள் ஒருவன் அரை இஞ்ச் பைப் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் ரோட்டைக் கடந்து ஸ்டேஷனை நோக்கி நடந்தாள்.